பாராபுல்லா: பதினோரு கண், பன்னிரண்டு தூண், பெயரிழந்த ஓர் ஓடை

தில்லியில் இன்று ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம் ‘பாராபுல்லா’ என்று சொன்னால், அவர் சராய் காலே கானிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் உயர்மட்டச் சாலையையே நினைப்பார். மாநகராட்சிப் பொறியாளருக்கு அது ஒரு வடிகாலின் பெயர். நகரின் மழைநீர் வடிகால் திட்டத்தை வகுத்தவர்களுக்கோ அது ஒரு முழு வடிநிலம். தில்லியை நஜஃப்கட், பாராபுல்லா, டிரான்ஸ்-யமுனா என மூன்று வடிநிலங்களாகப் பகுத்து, தென்தில்லியின் பெரும்பகுதியை அவர்கள் இப்பெயரின்கீழ் அடக்கியுள்ளனர். இம்மூன்றுக்கும் பெயரை ஈந்தது நிஜாமுதீன் இரயில் நிலையத்திற்கு அருகில் நிற்கும் ஒரு கற்பாலம். பெயர் பாலத்திலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து மேம்பாலத்திற்கும் நகர்ந்துவிட்டது. மூலப் பாலத்தை ‘பழைய பாராபுல்லா’ என்று அடைமொழி சேர்த்துத்தான் இனங்காட்ட வேண்டியுள்ளது.

இந்தப் பெயர்ப் பயணத்தில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. பாலம் கட்டப்படும் வரை அந்த ஓடை பெயரின்றி இருந்திருக்க முடியாது. பதினோரு வளைவுகள் தேவைப்பட்ட அளவு அகன்ற ஒரு நீர்வழிக்குக் கரையோர ஊரார் ஒரு பெயர் வைத்தே இருந்திருப்பர். ஆயினும் அப்பெயர் மறைந்து, தன்மேல் கட்டப்பட்ட பாலத்தின் பெயராலேயே ஓடை அறியப்படலாயிற்று. பாலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டியவர், கட்டிய ஆண்டு, கட்டடப் பாணி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். அவற்றையும் இப்பதிவு பேசும். எனினும் பாலத்தின் வரலாற்றை அதன்கீழ் ஓடிய நீரிலிருந்தும் அதன் அருகில் குடியிருந்த மக்களிலிருந்தும் பிரித்து எழுத முடியாது என்பதே என் வாதம். அம்மக்களுள் அண்மைக்காலத்தவர் நம் தமிழர் என்பதும் இதனை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம்.

முதலில் எண்ணிக்கைச் சிக்கல். ‘பாரா’ என்றால் பன்னிரண்டு. ஆனால் பாலத்தில் உள்ளவை பதினோரு வளைவுகள். ‘படா புல்’, அதாவது பெரிய பாலம், என்பதே மருவி ‘பாரா புல்’ ஆயிற்று என்று சிலர் விளக்கம் கூறுவர். அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பதினோரு வளைவுகளைத் தாங்க இருபுற முனைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு தாங்கு தூண்கள் வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சிறு மினார் எழுப்பப்பட்டுள்ளது. பாலத்தைக் கடக்கும் வழிப்போக்கன் கண்ணில் படுவன கீழுள்ள வளைவுகள் அல்ல, இரு மருங்கிலும் வரிசையாக நிற்கும் இம்மினார்களே. அவன் அவற்றை எண்ணிப் பெயரிட்டிருக்கிறான்.

இதற்குத் துணைச்சான்று அருகிலேயே இருக்கிறது. லோதி தோட்டத்தினுள் உள்ள ‘ஆட்புலா’ அக்பர் காலத்தில் நவாப் பகதூர் என்பவரால் கட்டப்பட்டது. ‘ஆட்’ என்றால் எட்டு. அங்குள்ள வளைவுகளோ ஏழு, தூண்கள்தாம் எட்டு. மாறாக, முகமது பின் துக்ளக் காலத்துச் ‘சத்புலா’வின் பெயர் அதன் நடுவிலுள்ள ஏழு முதன்மைத் திறப்புகளைக் குறிக்கிறது. சத்புலா உண்மையில் பாலமன்று. நீரைத் தேக்கித் திறந்துவிடும் மதகுகளோடு கூடிய அணை. ஆக, மேலே நடப்பதற்குரிய கட்டுமானத்தில் தூணை எண்ணினர். நீரை விடுவதற்குரிய கட்டுமானத்தில் திறப்பை எண்ணினர். மூன்றே எடுத்துக்காட்டுகளை வைத்து விதி வகுப்பது மிகை என்று யாரேனும் மறுக்கலாம்; இருப்பினும் மக்கள் வழக்கில் ஒரு கட்டடத்தின் பயன் அதன் பெயரை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல தடயம்.

தமிழ் வழக்கு வேறு. நாம் எப்போதும் ‘கண்’ணையே எண்ணுபவர்கள். மேட்டூரில் உள்ளது பதினாறு கண் மதகு; செங்கோட்டை–கொல்லம் இருப்புப்பாதையில் உள்ளது பதிமூன்று கண் பாலம். பாராபுல்லா தமிழ்நாட்டில் இருந்திருந்தால் ‘பதினோரு கண் பாலம்’ என்றே வழங்கியிருக்கும், இந்தக் குழப்பத்திற்கு இடமிருந்திராது.

கட்டியவர் யார்? ஜஹாங்கீர் அவையின் தலைமைக் க்வாஜாசரா, அதாவது அந்தப்புரப் பொறுப்பிலிருந்த ஆண்மை நீக்கப்பட்ட அலுவலர்களின் தலைவர். நூல்களில் மிஹ்ர் பானு ஆகா என்றும் மிஹ்ர்பான் ஆகா என்றும் இப்பெயர் இருவகையாகக் காணப்படுகிறது. ஹுமாயூன் கல்லறை வளாகத்தை ஒட்டிய அரபு சராயின் கிழக்கு வாயிலும் அதனைச் சார்ந்த மண்டியும் இவருடைய பணிகளே. பாலமும் சந்தையும் ஒரே வழித்தடத்தில், நடந்து கடக்கும் தொலைவில் அமைந்தவை. ஆக்ராவிலிருந்து வரும் வணிகன் பாலத்தைத் தாண்டியதும் தங்கவும் விற்கவும் இடம் இருந்தது. தனித்தனி அறச்செயல்களாக இவற்றைப் பட்டியலிடுவதைவிட, ஒரே திட்டத்தின் இரு கூறுகளாகக் காண்பதே பொருத்தம்.

இத்தகைய அலுவலர்களின் கொடைகளை ஆராய்வோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இவர்களுக்குச் சந்ததி இல்லை. முகலாய ஆட்சியில் உயர் அலுவலர் இறந்தபின் அவர் ஈட்டிய செல்வத்தின்மீது அரசு உரிமை கொள்ளும் வழக்கமும் இருந்தது. சேர்த்த பொருளை வாழும் காலத்திலேயே பாலமாகவும் சராயாகவும் மாற்றி, அதில் பெயரைப் பொறிப்பது பெயர் நிலைக்க ஒரு வழி. ஆனால் அந்தப் பொறிப்பும் நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தில்லியின் தொல்லெச்சங்களைத் தொகுத்தோர் குறித்துவைத்த கல்வெட்டு இன்று பாலத்தில் இல்லை. இந்நகரில் இப்பெயரைச் சொன்னால் அறிபவர் வரலாற்று மாணவர் மட்டுமே. திருநெல்வேலியில் நிலைமை வேறு. தாமிரபரணியின் குறுக்கே 1843இல் திறக்கப்பட்ட பாலத்திற்கும் பதினோரு வளைவுகள்தாம். அதற்குப் பொருள் கொடுத்தவர் ஆட்சியர் அலுவலகச் சிரஸ்தார் சுலோசன முதலியார். பாலம் அவர் பெயராலேயே வழங்குகிறது, ஊராரும் ஆண்டுதோறும் அவரை நினைவுகூர்கின்றனர். இரண்டிலும் கொடையாளர் அரசு அலுவலர், இரண்டிலும் பதினோரு கண். ஒன்றில் பெயர் பாலத்தோடு ஒட்டிக்கொண்டது, மற்றொன்றில் தூணின் எண்ணிக்கை கொடையாளரை விழுங்கிவிட்டது.

கட்டிய ஆண்டு இன்னும் சிக்கலானது. 1612 என்று சிலரும் 1621–22 என்று வேறு சிலரும் எழுதியுள்ளனர். கார் ஸ்டீபனின் 1876ஆம் ஆண்டு நூல் முதலியவை முந்திய கணக்கையும், 20ஆம் நூற்றாண்டில் தொல்லியல் துறை சார்ந்து வெளிவந்த நூல்கள் பிந்திய கணக்கையும் கொண்டுள்ளன. இன்றைய அறிவிப்புப் பலகைகளும் செய்தித்தாள்களும் பிந்திய ஆண்டையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் வில்லியம் ஃபிஞ்ச். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகரான இவர், 1611ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆக்ராவிலிருந்து லாகூருக்குப் பயணம் செய்தார். தில்லியை அடையச் சற்று முன்னர் யமுனையின் கிளை ஒன்றின்மேல் பதினோரு வளைவுகள் கொண்ட கற்பாலம் இருந்ததாகவும், அங்கிருந்து பெருமரங்கள் நிழல் பரப்பிய அகன்ற சாலை ஹுமாயூன் கல்லறைக்குச் சென்றதாகவும் அவருடைய குறிப்பு கூறுகிறது. இடமும் எண்ணிக்கையும் பாராபுல்லாவுக்கு அப்படியே பொருந்துகின்றன.

ஃபிஞ்ச் 1613இல் பாக்தாதில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்களைச் சுருக்கிச் சாமுவேல் பர்ச்சஸ் 1625இல் பதிப்பித்தார். பதிப்பாசிரியரின் கைவண்ணம் அதில் எவ்வளவு என்பதை ஆராயலாம். ஆனால் 1621இல் கட்டி முடிக்கப்பட்ட பாலத்தின் வளைவுகளை 1613இல் இறந்தவர் எண்ணியிருக்க முடியாது. 1612 என்ற கணக்கு இதனோடு இயைகிறது: ஃபிஞ்ச் கடந்தபோது பாலம் பயன்பாட்டிற்கு வந்திருக்கலாம், கல்வெட்டும் மினார்களும் மறு ஆண்டு முடிந்திருக்கலாம். முன்பே இருந்த ஒரு பாலத்தை மிஹ்ர் பானு ஆகா விரிவாக்கினார் என்று கொள்ளவும் இடமுண்டு. எவ்வாறாயினும் 1621–22 என்பதை ஐயமின்றிப் பலகையில் எழுதிவைப்பது சரியன்று. மாணவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை: டச்சுக்காரரான டி லாயட்டின் 1631ஆம் ஆண்டு லத்தீன் நூலைத் தனிச் சான்றாகக் காட்டிவிடாதீர்கள். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். வழித்தட விவரங்களைப் பெரும்பாலும் பர்ச்சஸ் பதிப்பிலிருந்தே எடுத்தாண்டவர். ஒரே சாட்சியை இருவராக எண்ணும் பிழை அங்கே நேரும்.

பாலம் நின்ற சாலை சாதாரணமானதன்று. ஆக்ரா, தில்லி, லாகூர் மூன்றையும் இணைத்த பேரரசின் முதுகெலும்பு அது. 1619இல் ஜஹாங்கீர், ஆக்ராவிலிருந்து லாகூர் வரை ஒவ்வொரு கோசுக்கும் ஒரு தூண் எழுப்பவும், மூன்று கோசுக்கு ஒரு கிணறு தோண்டவும் ஆணையிட்டதாகத் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். பாராபுல்லாவின் அகலம் ஏறத்தாழ 14 மீட்டர். எதிரெதிரே வரும் பொதி வண்டிகளும் ஒட்டகங்களும் யானைகளும் ஒதுங்காமல் கடக்கும் அகலம் இது. இவ்வளவு அகலமே பின்னாளில் பாலத்தின் மேலேயே கடைத்தெரு முளைக்கவும் வழி செய்தது என்பது வேறு கதை.

இனி நீருக்கு வருவோம். ஒரு பாலத்தின் கண்கள் அதன்கீழ் ஓடிய நீரின் அளவுக்குச் சான்று. வெள்ளம் வராத ஓடைக்குப் பதினோரு வளைவு கட்டுமளவுக்கு எந்தக் கொத்தனாரும் பொருளறியாதவர் அல்லர். தில்லியின் தென்புறம் ஆரவல்லி மலைத்தொடரின் கடைசிப் பாறைமேடுகள் உள்ளன. மெஹ்ரௌலி, துக்ளகாபாத் பக்கத்து மேட்டிலிருந்து மழைநீர் பல கிளைகளாக இறங்கி ஒன்றுசேர்ந்து, நிஜாமுதீன் அருகே யமுனையில் கலந்தது. பாறைநிலத்தில் பெய்யும் மழை மெதுவாக ஊறுவதில்லை. சில மணி நேரத்தில் திரண்டு பாயும். மேலும், அக்காலத்தில் யமுனை இன்றைக்கு இருப்பதைவிட மேற்கே, ஹுமாயூன் கல்லறைக்கு மிக அருகில் ஓடியது. ஆற்றில் வெள்ளம் பெருகினால் ஓடைநீர் வடிய வழியின்றி எதிர்த்தேங்கும். மேலிருந்து இறங்கும் நீர், கீழிருந்து ஏறும் நீர் என இரண்டையும் தாங்க வேண்டிய இடத்தில் பாலம் கட்டப்பட்டது. தடித்த தூண்களும், நிறைய கண்களும், உயர்ந்த நடைபாதையும் இதனாலேயே. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் உயரத்தை எட்டி, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்னும் பழைய உச்சத்தைக் கடந்தபோது, வடிகால்கள் வழியாக ஆற்றுநீர் நகருக்குள் திரும்பியதைத் தில்லிவாசிகள் கண்டனர். முகலாயப் பொறியாளருக்கு இது புதுமையாக இருந்திருக்காது.

இதே நீர்த்தொகுதியின் மேற்பகுதியில்தான் முன்சொன்ன சத்புலா இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஜஹான்பனா நகரின் மதில் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட அவ்வணை, மழைநீரைத் தேக்கிச் சுற்றுப்புற வயல்களுக்குப் பாய்ச்சியது. சிராக் தில்லியில் வாழ்ந்த சூஃபிப் பெரியார் நசீருத்தீன் மஹ்மூது அந்நீரில் கைகால் கழுவித் தொழுதார் என்பது ஊர் மரபு. அதனால் அந்நீர் நோய் தீர்க்கும் என்று நம்பிக் குளிக்க வந்தோர் பலர். பாசனநீர், புனித நீர், பேரரசுச் சாலையின் குறுக்கே வெள்ளம் என ஒரே ஓடை மூன்று இடங்களில் மூன்று பொருள் கொண்டிருந்தது. ‘வடிகால்’ என்பது அதற்கு மிகப் பிந்திக் கிடைத்த பொருள்.

இந்த மாற்றத்தில் மொழிக்கும் பங்குண்டு. இந்தியில் ‘நாலா’ என்ற சொல் காட்டோடையையும் குறிக்கும், கழிவுநீர்க் கால்வாயையும் குறிக்கும். தமிழில் ஓடை, வாய்க்கால், கால்வாய், வடிகால், சாக்கடை ஆகியவற்றைப் பிரித்தே வழங்குகிறோம். ‘நாலா’ இவை அனைத்தையும் ஒன்றாக்குகிறது. ஆங்கில அலுவலகக் கோப்பில் அது வடிகால் என்ற ஒரே பொருளுக்குச் சுருங்கியதும், அதில் கழிவை விடுவது இயல்பாயிற்று. தில்லியின் மிகப்பெரிய வடிகாலாகிய நஜஃப்கட் நாலா, சாகிபி என்னும் ஆற்றின் கடைப்பகுதி. அண்மை ஆண்டுகளில் அரசே அதனை மீண்டும் ‘சாகிபி நதி’ என்று அழைக்கத் தொடங்கியிருக்கிறது. பாராபுல்லாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மீட்பதற்கு ஒரு பழைய பெயரே கையில் இல்லாத ஓடை அது.

பெயர் மீண்டால் எல்லாம் மீளும் என்று நான் வாதிடவில்லை. சென்னையில் கூவத்தை ஆவணங்கள் இன்றும் ஆறு என்றே குறிக்கின்றன. கரையோரக் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்படுவதை அச்சொல் தடுக்கவில்லை.

பாலங்களுக்கு அருகிலிருந்து மக்கள் அகற்றப்படுவது தில்லியில் புதிதன்று. ஆட்புலாவைச் சுற்றி ஒரு காலத்தில் கைர்பூர் என்ற கிராமம் இருந்தது. லோதி, சையது மன்னர்களின் கல்லறைகளுக்கு நடுவே உழவர்கள் வீடு கட்டி வாழ்ந்தனர். 1930களில் அக்கிராமம் அகற்றப்பட்டு, 1936இல் அவ்விடம் ‘லேடி வில்லிங்டன் பூங்கா’வாகத் திறக்கப்பட்டது, விடுதலைக்குப்பின் லோதி தோட்டம் ஆயிற்று. ஆட்புலாவின் கீழ் யமுனைக்கு ஓடிய கிளையோடை இன்று வாத்துகள் நீந்தும் செயற்கை நீர்நிலை. கிராமத்தார் ஊரிலிருந்து ஊருக்குச் செல்லக் கடந்த பாலத்தின்மேல் இப்போது காலை நடைப்பயிற்சி நடக்கிறது. தோட்டம் அழகானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்குள்ள அறிவிப்புகளில் கல்லறைகளின் வரலாறு படிக்கக் கிடைக்கும் அளவுக்குக் கைர்பூரின் வரலாறு கிடைப்பதில்லை.

பாராபுல்லாவின் அண்டைப்புறம் இதற்கு நேர்மாறான வகையில் உருவாயிற்று. அது அகற்றப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடம். 1911இல் தலைநகர் அறிவிப்பு வந்தபின், 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தின்கீழ் ரைசினா, மால்ச்சா முதலிய கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது. ரைசினாப் பக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டோர் சிலருக்காகவே போகலை ஒட்டி ஜங்புரா அமைந்தது என்பதும், யங் என்ற ஆங்கில அதிகாரியின் பெயரே ‘யங்புரா’வாகி ஜங்புரா ஆயிற்று என்பதும் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1947இல் ஹுமாயூன் கல்லறையும் புராணா கிலாவும் அகதி முகாம்களாயின. ஜங்புரா, போகல், லஜ்பத் நகர் பகுதிகளில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தோர் குடியேறினர். இதற்கிடையே மதுரா சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் வேறு பாலங்கள் வந்துவிட்டதால், பழைய பாலத்தின்மேல் நெடுஞ்சாலைப் போக்குவரத்து நின்று உள்ளூர் நடமாட்டம் மட்டும் எஞ்சியது. காய்கறிக் கடைகளும் தள்ளுவண்டிகளும் அந்த 14 மீட்டர் அகலத்தை நிரப்பின. பேரரசின் பாலம் ஊர்ப் பாலமானது அப்போதுதான். அதை ஒரு வீழ்ச்சியாகவே எழுதுவது பாரம்பரியக் கட்டுரைகளின் வழக்கம். பாலம் தொடர்ந்து மக்களுக்குப் பயன்பட்ட காலம் என்றும் அதனை எழுதலாம்.

1960களின் இறுதியிலும் 1970களிலும் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர் குடும்பங்கள், ஜங்புராப் பக்கத்தில் இருப்புப்பாதைக்கும் ஓடைக்கும் இடைப்பட்ட நிலத்தில் குடிசைகள் அமைத்தன. பிறர் இட்ட பெயர் ‘மதராசி கேம்ப்’. தமிழரோ தெலுங்கரோ தென்னாட்டவர் அனைவரையும் ஒரே சொல்லால் குறிக்கும் தில்லியின் வழக்கம் அந்தப் பெயரிலேயே பதிந்திருக்கிறது. தன் பெயரை இழந்த ஓடையின் கரையில் தமக்கென ஒரு பெயர் வாய்க்காத மக்கள். சுற்றியுள்ள குடியிருப்புகளில் வீட்டுவேலையும், கட்டடவேலையும், சமையலும், சிறு வணிகமும் இவர்கள் பிழைப்பு. இம்மக்களின் பிள்ளைகள் பலர், 1923இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் படித்தனர். அவற்றுள் அண்மையிலிருந்தது லோதி எஸ்டேட் பள்ளி. ஆட்புலா நிற்கும் தோட்டத்தின் பக்கத்தில்.

2010இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக, வீரர்களை விளையாட்டு அரங்குக்கு விரைந்து கொண்டுசெல்லும் பொருட்டு, ஓடையின் போக்கைத் தொடர்ந்தே உயர்மட்டச் சாலை கட்டப்பட்டது. நகரின் நடுவே நிலமெடுக்கும் தொல்லையின்றிக் கிடைத்த நீண்ட வெற்றிடம் ஓடைதான் என்பது அதன் காரணம். கான்கிரீட் தூண்கள் நீர்வழியிலேயே ஊன்றப்பட்டன. கிளையோடைகளின் சில பகுதிகள் பலகங்களால் மூடப்பட்டன. 17ஆம் நூற்றாண்டின் பாலம் ஓடையைக் குறுக்காகக் கடந்தது. 21ஆம் நூற்றாண்டின் பாலம் ஓடையின்மேலேயே நீளவாக்கில் படுத்துக்கொண்டது. இரண்டையும் பாலம் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். முன்னதைக் கட்டியவர் நீருக்கு எத்தனை கண் விட வேண்டும் என்று கணக்கிட்டாக வேண்டும். பின்னதைக் கட்டியவருக்கு நீர் ஒரு காலிமனை.

2024 முதல் இரண்டு பணிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தன. பழைய பாலத்தின் மேலிருந்த ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, இந்தியத் தொல்லியல் துறையின் சீரமைப்புக்கு வழி ஏற்பட்டது. பல்லாண்டு வண்டலில் புதைந்த வளைவுகளை மீட்கும் வேலையும் அதில் அடங்கும். மறுபுறம், மழைநீர் தேங்குவதைத் தடுக்க ஓடையைத் தூர்வார வேண்டும், அதற்கு மதராசி கேம்ப் இடையூறு என்ற வழக்கு தில்லி உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2025 மே மாதத்தில் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. ஜூன் 1 அன்று குடியிருப்பு இடிக்கப்பட்டது. 370 குடிசைகள் என்பது கணக்கு. தில்லி அரசின் 2015ஆம் ஆண்டு மறுகுடியமர்வுக் கொள்கை வகுத்த தகுதி வரம்புகளின்படி, அவற்றுள் பாதிக்குச் சற்றே மேற்பட்ட குடும்பங்களுக்கே மாற்று வீடு கிடைத்தது. அதுவும் நகரின் வடக்கு விளிம்பில், 40 கி.மீ.க்கு மேல் அப்பால் உள்ள நரேலாவில்.

ஓடை அடைபட்டிருந்தது உண்மை. தூர்வாரும் தேவையும் உண்மை. ஆண்டுதோறும் நீர் தேங்கித் துன்புற்றவர்களுள் அக்கரைவாசிகளும் உண்டு. ஆனால் அடைப்புக்கான காரணங்களைப் பட்டியலிட்டால், கரையில் வாழ்ந்த குடிசைகளோடு, நீர்வழியில் ஊன்றிய தூண்களும், மூடப்பட்ட கிளைகளும், தென்தில்லியின் வசதியான குடியிருப்புகளிலிருந்து வந்துசேரும் கழிவும் அதில் இடம்பெற வேண்டும். இவற்றுள் ஒன்று மட்டுமே ‘ஆக்கிரமிப்பு’ என்ற சட்டச் சொல்லுக்குள் எளிதில் அடங்கியது. பாலம் தொல்லியல் துறைக் கோப்பிலும், ஓடை வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறைக் கோப்பிலும், மக்கள் குடிசை மாற்று வாரியக் கோப்பிலும் தனித்தனியே கிடக்கும்வரை, ஒன்றின் மீட்பு மற்றொன்றின் அழிவாக வந்து முடிவதை எந்த ஒரு கோப்பும் பதிவு செய்யாது. வரலாற்று மாணவர் இவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சேர்த்துப் படிக்கச் சான்றுகள் வேண்டும். மிஹ்ர் பானு ஆகாவின் கல்வெட்டு மறைந்தும், சிலர் அதனைப் படித்துக் குறித்துவைத்ததால் நாம் ஆண்டைப் பற்றியாவது விவாதிக்கிறோம். மதராசி கேம்ப்பைப் பொறுத்தவரை சான்றுகள் இன்னும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன: குடும்ப அட்டைகள், வாக்காளர் பட்டியல்கள், மின்கட்டண இரசீதுகள், குடிசை மாற்று வாரியம் எடுத்த கணக்கெடுப்பு, நீதிமன்ற மனுக்களோடு இணைத்த தாள்கள், நரேலாவுக்குச் சென்றோரும் ஊர் திரும்பியோருமான முதியவர்களின் நினைவுகள். முதல் தலைமுறையினர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். நேர்காணல்களைத் தள்ளிப்போட இயலாது. தில்லியிலுள்ள தமிழ் ஆய்வு மாணவர்கள் இதனைத் தனித்தனி ஆய்வேடுகளுக்கான தரவாக மட்டும் கருதாமல் கூட்டுப் பணியாக எடுத்துச் செய்யலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளின் முகவரிப் பத்தியில் இக்குடியிருப்பின் பெயர் முதன்முதலில் எந்த ஆண்டில் தென்படுகிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். உரிய அனுமதி பெற்று இவ்வேலையில் ஈடுபட விரும்புவோர், தாம் எந்தச் சான்றுவகையை எடுத்துக்கொள்ள இயலும் என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள், பிரித்துக்கொள்வோம்.